பரோசா ஜி.எஸ்.எம். கலவையை வீட்டு மேசையில் பிரித்துச் சேர்த்துப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிரெனாஷ், ஷிராஸ், மட்டாரோ என்ற மூன்று சிவப்புத் திராட்சைகளின் ஒயினைக் கலந்தால் வருவது ஜி.எஸ்.எம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவில் சாதாரண விலையிலும் இது கிடைக்கும், அதைப் போல மூன்று நான்கு மடங்கு விலையிலும் கிடைக்கும். விலை கூடின பாட்டில் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா எதுக்கு இவ்வளவு காசுன்னு பிடிபடலையே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கலந்து முடித்த ஒயினை மட்டும் குடித்தால் பிடிபடாதுதான். உள்ளே இருக்கும் மூன்றையும் தனியாகச் சுவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எந்த இடத்தில் அது ஒரே ஒயினாக மாறுகிறது என்று நாக்கால் தெரிந்துகொண்டால், அடுத்த முறை கடையில் லேபிளைப் படிக்கும்போதே உள்ளே என்ன இருக்கும் என்று ஓரளவு கணிக்க முடியும்.

அதற்கு மூன்று பாட்டில், ஒரு அளவுஜாடி, ஒரு மாலைப்பொழுது போதும். எல்லாவற்றையும் விட முக்கியம் வரிசை. மூன்றையும் ஒரேயடியாகச் சம அளவில் ஊற்றிக் கலக்கிவிட்டு "மண் வாடை அடிக்குது" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் படிகளைத் தாண்டாமல் போங்கள்.

1. முதலில் ஊரைத் தீர்மானியுங்கள்

மூன்று பாட்டிலும் ஒரே பகுதியிலிருந்து வர வேண்டும். பரோசா கிரெனாஷ், ஹன்டர் பள்ளத்தாக்கு ஷிராஸ், ஸ்பெயின் நாட்டு மொனஸ்ட்ரெல் (மட்டாரோவுக்கு அங்கே அந்தப் பெயர்) என்று எடுத்தால் கலவை என்ன சொல்கிறது என்றே தெரியாது. வெயிலும் மண்ணும் பழுக்கும் அளவும் மூன்றிலும் வேறு வேறு. ஒரே ஊர் என்றால் மாறுவது திராட்சை மட்டும், அதனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் இருக்காது.

லேபிளில் "பரோசா" என்று மட்டும் இருப்பதும் "பரோசா வேலி" என்று இருப்பதும் ஒன்றில்லை. வேலி (Valley) என்றால் இங்கே பள்ளத்தாக்கு. பரோசா என்பது பெரிய வட்டாரம், அதற்குள் பரோசா வேலி, ஈடன் வேலி என்று இரண்டு பகுதிகள். வேலி என்பது அடிலெய்டுக்கு வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் வரும் வெயில் பூமி, டனுண்டா, நூரியூட்பா, ஆங்காஸ்டன் ஊர்களைச் சுற்றி இருக்கிறது. ஈடன் வேலி அதற்குக் கிழக்கே மேட்டில், பெரும்பாலும் 400 மீட்டருக்கு மேலே இருப்பதால் குளிர் கூடுதல், அங்கே பழம் தாமதமாகப் பழுக்கும், புளிப்பு நன்றாக நிற்கும். "பரோசா" என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டும் கலந்திருக்கலாம். முதல் தடவை செய்பவர்கள் "பரோசா வேலி" என்று தெளிவாக எழுதியதையே எடுங்கள்.

வேலிக்குள்ளேயும் மண் மாறுகிறது. டனுண்டாவுக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் இருக்கும் வைன் வேல் மணல் பூமி, அங்கே விளையும் கிரெனாஷ் மணம் தூக்கலாக, லேசாக இருக்கும். வடக்கிலும் மேற்கிலும் எபனேசர், கிரீனாக், மரனங்கா பக்கம் போனால் களிமண்ணும் இரும்புக் கல்லும், ஷிராஸ் கறுத்துக் கனத்து வரும். தெற்கே லிண்டாக், ரோலண்ட் ஃப்ளாட் பக்கம் கொஞ்சம் மென்மை. பின்லேபிளில் இந்தப் பெயர்கள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், சுவைக்கும்போது கைகொடுக்கும்.

பரோசா மட்டாரோ தனி பாட்டிலாகக் கிடைக்கவில்லை என்றால், மூன்றையுமே அடிலெய்டுக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் மெக்லாரன் வேலிலிருந்து வாங்குங்கள். அங்கேயும் இந்த மூன்றும் விளைகின்றன. இரண்டு ஊரைக் கலப்பதை விட அது எவ்வளவோ மேல்.

2. மூன்று பாட்டில்களைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் படியில் தவறினால் மற்ற எல்லாம் வீண், அதனால் கடையில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம் சட்டம். ஆஸ்திரேலியாவில் ஒரு பாட்டிலில் ஒரே திராட்சையின் பெயரைப் போட வேண்டுமானால் அதில் குறைந்தது 85% அந்தத் திராட்சை இருந்தால் போதும். ஊர், அறுவடை ஆண்டு இரண்டுக்கும் இதே 85% கணக்குத்தான். ஆக, நீங்கள் "கிரெனாஷ்" என்று வாங்கும் பாட்டிலுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் ஷிராஸ் இருக்கலாம், சட்டப்படி அதில் தவறே இல்லை. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த ஆண்டின் குறிப்பைத் தேடிப் பாருங்கள், 100% என்று சொல்லியிருந்தால் அதை எடுங்கள்.

இரண்டாவது ஆண்டு. மூன்றும் ஒரே அறுவடை ஆண்டாக இருந்தால் நல்லது, ஓராண்டு முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. பத்து வருடம் வைத்திருந்த ஷிராஸையும் போன வருடத்து கிரெனாஷையும் சேர்க்காதீர்கள். பழையதில் துவர்ப்பு அடங்கி, பழச் சுவை உலர்ந்த பழமாக மாறியிருக்கும், புதியதோடு ஒட்டாது. ஆண்டுக்கு ஆண்டு குணமும் மாறும்: 2011 தெற்கு ஆஸ்திரேலியாவில் குளிரும் மழையுமான ஆண்டு, 2019, 2020 இரண்டும் வறட்சியில் மகசூல் குறைந்த ஆண்டுகள், 2021 பரோசாவில் பரவலாகப் பாராட்டப்பட்ட ஆண்டு.

மூன்றாவது ஓக், அதாவது ஒயினை முதிரவிடும் பீப்பாயின் மரம். புதிதாக வருகிறவர்கள் அலமாரியில் இருப்பதிலேயே விலை கூடின ஷிராஸை எடுத்து வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பரோசா ஷிராஸ் பலதும் புதிய ஓக் பீப்பாயில் நெடுநாள் இருந்தவை, அமெரிக்க ஓக்காக இருந்தால் வனிலாவும் தேங்காயும் மூக்கில் ஏறும். 20% ஊற்றினாலே போதும், கிரெனாஷின் மணம் மறைந்துபோகும். பழைய பீப்பாய், பெரிய பீப்பாய், சிமென்ட் தொட்டி என்று பின்லேபிளில் சொல்லும் ஷிராஸைத் தேடுங்கள். விலையிலும் அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

நான்காவது ஆல்கஹால் அளவு. கிரெனாஷ் சர்க்கரையை ஏராளமாகச் சேர்க்கும் திராட்சை, 15% தாண்டிய பாட்டில்கள் சகஜம். இந்தப் பயிற்சிக்கு 14.5% அல்லது அதற்குக் கீழே எடுங்கள். தொண்டையில் காந்தல் இருந்தால் மற்ற நுணுக்கங்கள் தெரியாது.

மட்டாரோவை மூர்வேத்ர் என்ற பெயரிலும் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். தனி பாட்டிலாக வருவது குறைவு, எனவே அதை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அதே ஊர், அதே ஆண்டுக்கு மற்ற இரண்டையும் தேடுவதுதான் புத்திசாலித்தனம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டாவது தடவை கடைக்கு அலைகிறார்கள்.

3. மேசைக்கு வேண்டியவை

பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, கோடு போட்ட 100 மி.லி. அளவுஜாடி, அது ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மி.லி. சிரிஞ்சு, ஊசி இல்லாமல், ஒன்று. ஒரே வடிவத்தில் குறைந்தது ஐந்து கண்ணாடிக் கிளாஸ். கிளாஸின் வடிவம் மாறினால் வாசனையும் மாறும், கலவையால் வந்த மாற்றமா கிளாஸால் வந்த மாற்றமா என்று தெரியாமல் போய்விடும். அப்புறம் இரண்டு கண்ணாடி ஜக், துப்புவதற்கு மூடி உள்ள ஒரு பாத்திரம், குடிதண்ணீர், உப்பு குறைந்த வெறும் ரொட்டி, ஒட்டுக் காகிதம், பேனா.

சமையலறையில் தாளித்த மணம் நிற்கும் நாளில் இதைச் செய்யாதீர்கள். ஊதுபத்தி, சென்ட், மல்லிகைப்பூ எல்லாமே இடைஞ்சல்தான். கிளாஸ்களை வெந்நீரில் மட்டும் அலசி உலர்த்துங்கள், துடைக்கிற துணியின் சோப்பு வாடை கிளாஸுக்குள் தங்கிவிடும்.

துப்பும் பாத்திரத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். 14.5% உள்ள 750 மி.லி. பாட்டிலின் லேபிளில் சுமார் 8.6 ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்று போட்டிருப்பார்கள், ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்றால் 10 கிராம் ஆல்கஹால். கீழே நீங்கள் கலக்கப்போகும் ஒன்பது கிளாஸையும் விழுங்கினால் ஐந்துக்கு மேல் உள்ளே போய்விடும். வண்டி ஓட்டுவது இருக்கட்டும், ஆறாவது கிளாஸுக்குப் பிறகு நாக்கு சொல்வதையே நம்ப முடியாது. துப்புங்கள்.

4. திறக்கும் வரிசை

மூன்றையும் ஒன்றாகத் திறக்கக் கூடாது. மட்டாரோ முதலில், சுவைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். தடித்த தோலுள்ள இந்தத் திராட்சையின் ஒயின் காற்றுக்கு ஏங்கும், திருகுமூடியைத் திறந்ததும் அழுகின முட்டை வாடையோ தீக்குச்சி உரசின வாடையோ வரலாம். அது கெட்டுப்போன ஒயின் என்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள். ஜக்கில் ஊற்றி நன்றாகச் சுழற்றி வைத்தால் பெரும்பாலும் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்தும் போகவில்லை என்றால் அந்தப் பாட்டிலை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஷிராஸை அரைமணி நேரம் முன்னால் திறங்கள். கிரெனாஷ் கடைசியில், சுவைக்க உட்காரும்போது. கிரெனாஷுக்குத் தோல் மெல்லிசு, நிறமும் துவர்ப்பும் குறைவு, காற்றுப்பட்டால் சீக்கிரம் வாடும். முதலில் திறந்து வைத்துவிட்டு மற்ற இரண்டுக்காகக் காத்திருந்தால், முக்கியமான பழ மணத்தில் பாதி போய்விடும்.

கார்க் போட்ட பாட்டிலாக இருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வருகிறதா என்று பாருங்கள். இது எவ்வளவு சுழற்றினாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள், கலவையில் ஊற்றினால் மற்ற இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும்.

சூடு 16 முதல் 18 டிகிரி, மூன்றும் ஒரே சூடு. "சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் வை" என்ற பேச்சை நம்பி அடிலெய்டு ஜனவரியில் 28 டிகிரி அறையில் வைத்தால் ஆல்கஹால்தான் மூக்கைத் தாக்கும். அந்தச் சூட்டுக்கு இறங்கும்வரை ஃப்ரிட்ஜில் வையுங்கள். அதிகம் குளிர்ந்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும், அதுவும் தப்பு.

5. மூன்றையும் தனித்தனியாகச் சுவைத்து எழுதுங்கள்

ஒவ்வொன்றிலும் 50 மி.லி. ஊற்றி, ஒன்றன்பின் ஒன்றாக கிரெனாஷ், ஷிராஸ், மட்டாரோ என்ற வரிசையில் போங்கள். துவர்ப்பு குறைந்ததிலிருந்து கூடினதுக்குப் போக வேண்டும், மட்டாரோவை முதலில் குடித்தால் கிரெனாஷ் தண்ணீராகத் தெரியும்.

"ராஸ்பெர்ரி, பிளம், சாக்லேட்" என்று பழப் பட்டியல் எழுதத் தொடங்காதீர்கள். அது இப்போதைக்கு உதவாது. வாயில் மூன்று நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்: வாயில் விட்ட உடனே, வாய்க்குள் வைத்திருக்கும்போது, துப்பின பிறகு. எந்த ஒயின் எந்த நேரத்தில் வேலை செய்கிறது, எந்த நேரத்தில் ஓட்டை விழுகிறது என்று மட்டும் எழுதுங்கள்.

நல்ல பரோசா கிரெனாஷ் மூக்கிலும் முதல் மடக்கிலும் பொங்கி வரும், சிவப்புப் பழம், கொஞ்சம் மசாலா வாசனை, அப்புறம் நடுவில் சற்று வெறுமையாகிவிடும். ஷிராஸ் நேர்மாறு, நடுவாயை நிரப்பும், கறுப்புப் பழமும் மிளகும், நிறமும் அதிலிருந்துதான். மட்டாரோவுக்கு முதலில் பழமே இல்லாதது போலத் தோன்றும், மண், இறைச்சி, உலர்ந்த மூலிகை மாதிரி ஒன்று, ஆனால் துப்பி வெகுநேரம் ஆன பிறகும் பல்லீறில் துவர்ப்பு நிற்கும். கிரெனாஷின் கிளாஸை வெள்ளைக் காகிதத்தின் மேல் சாய்த்துப் பாருங்கள், அடியில் வைத்த எழுத்தைப் படிக்கலாம். மட்டாரோவில் படிக்க முடியாது.

ஒன்றில் இருக்கும் ஓட்டையை இன்னொன்று அடைக்கிறது, கலப்பதன் காரணமே அதுதான். இந்தக் குறிப்பை எழுதாமல் அடுத்த படிக்குப் போனவர்கள் பாதியில் திசை தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

6. முதலில் இரண்டை மட்டும் கலக்குங்கள்

கிரெனாஷும் ஷிராஸும் மட்டும். மட்டாரோ பாட்டிலைக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மூன்றையும் மாற்றினால் எது என்ன செய்தது என்று சொல்லவே முடியாது.

நான்கு கிளாஸ், ஒவ்வொன்றிலும் 50 மி.லி.:

முதல் கிளாஸ்: கிரெனாஷ் 35, ஷிராஸ் 15.
இரண்டாவது: கிரெனாஷ் 30, ஷிராஸ் 20.
மூன்றாவது: கிரெனாஷ் 25, ஷிராஸ் 25.
நான்காவது: கிரெனாஷ் 20, ஷிராஸ் 30.

அளவுஜாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, ஒயினின் மேல்பரப்பு வளைந்திருக்கும் அடிப்பாகத்தைப் பார்த்து அளக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்த்து ஊற்றினால் இரண்டு மூன்று மி.லி. தப்பும். 50-ல் 2.5 என்பதே 5%, அந்தத் தப்பு சின்னதில்லை.

கலந்ததும் உடனே குடிக்காதீர்கள், நன்றாகச் சுழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு மூக்கு மட்டும், நான்கையும் ஒரு சுற்று. அடுத்து வாய். கிரெனாஷின் மணம் எந்தக் கிளாஸில் காணாமல் போகிறது, நடுவாயின் ஓட்டை எந்தக் கிளாஸில் மூடுகிறது, இந்த இரண்டு கேள்வி மட்டும். மணம் இன்னும் இருந்து ஓட்டையும் மூடின கிளாஸ்தான் உங்கள் அடிப்படை.

பலருக்கு இது இரண்டாவது கிளாஸில் வரும். மூன்றாவதோ நான்காவதோ உங்களுக்குப் பிடித்தால் அதுவும் சரிதான், பரோசாவிலேயே ஷிராஸை முன்னால் வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்காவது முதல் முகர்வில் மற்றதை எல்லாம் அமுக்கிவிடும், அதனாலேயே ஜெயிப்பது போலத் தெரியும். பத்து நிமிடம் கழித்துத் திரும்ப வாருங்கள், அப்போதும் அதுதான் பிடிக்கிறதா என்று பார்த்து முடிவெடுங்கள்.

7. மட்டாரோவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது

இதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய படி. ஏற்கெனவே கலந்த கிளாஸிலேயே மட்டாரோவை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். அப்படிச் செய்தால் முந்தைய அளவோடு ஒப்பிட எதுவுமே மிஞ்சாது, ஒரு துளி கூடிவிட்டால் திரும்பவும் முடியாது.

காலி ஜக்கில் அடிப்படைக் கலவையை 250 மி.லி. தயார் செய்யுங்கள். இரண்டாவது கிளாஸைத் தேர்ந்தெடுத்திருந்தால் கிரெனாஷ் 150, ஷிராஸ் 100. அதிலிருந்து ஐந்து கிளாஸ்:

முதல் கிளாஸ்: கலவை 50, மட்டாரோ எதுவுமில்லை.
இரண்டாவது: கலவை 47.5, மட்டாரோ 2.5. இது 5%.
மூன்றாவது: கலவை 45, மட்டாரோ 5. இது 10%.
நான்காவது: கலவை 42.5, மட்டாரோ 7.5. இது 15%.
ஐந்தாவது: கலவை 40, மட்டாரோ 10. இது 20%.

மட்டாரோவைச் சிரிஞ்சில் அளங்கள், அளவுஜாடியில் 2.5 மி.லி. சரியாக வராது. மட்டாரோ இல்லாத முதல் கிளாஸ் கட்டாயம் வேண்டும். அது பக்கத்தில் இல்லாவிட்டால், ஐந்தாவதுக்கு வரும்போது எங்கிருந்து கிளம்பினோம் என்பதே மறந்துவிடும்.

சுவைக்கும்போது துப்பின பிறகு வரும் நேரத்தை மட்டும் கவனியுங்கள். மட்டாரோ இல்லாததில் பழம் பளிச்சென்று வந்து சட்டென்று அறுந்துவிடும். 5%-ல் அறுபடும் இடம் கொஞ்சம் தள்ளிப் போகும். 10% பக்கத்தில் எங்கோ ஒரு மாற்றம் நடக்கும், மூன்றையும் பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரே ஒயினாக நிற்கும். மட்டாரோ இங்கே சாம்பாரில் பெருங்காயம் போல, இருப்பது தெரியக் கூடாது, இல்லாவிட்டால் தெரிய வேண்டும். 15, 20-க்குப் போகும்போது பல பாட்டில்களில் கிரெனாஷின் சிவப்புப் பழம் மங்கி மண் வாடை முன்னால் வந்துவிடும். மென்மையாகச் செய்த மட்டாரோவாக இருந்தால் 20%-உம் அழகாக நிற்கலாம், அதனால் என் எண்ணை வேதவாக்காக எடுக்காமல் உங்கள் கிளாஸைக் கேளுங்கள்.

ஒவ்வொரு கிளாஸுக்கும் நடுவில் தண்ணீர், ஒரு துண்டு ரொட்டி, ஒரு நிமிட இடைவெளி. துவர்ப்பு வாயில் சேர்ந்துகொண்டே போகும் பொருள். இடைவெளி விடாமல் ஐந்தையும் குடித்தவர்கள் எல்லாரும் கடைசிக் கிளாஸ் கரடுமுரடு என்றுதான் சொல்வார்கள், அது கிளாஸின் குற்றமாகவே இருக்க வேண்டியதில்லை. ஒருமுறை ஐந்திலிருந்து ஒன்றுக்கு, பின்னோக்கியும் சுவைத்துப் பாருங்கள்.

10% பிடித்திருந்தால் உங்கள் கலவையின் இறுதிக் கணக்கு கிரெனாஷ் 54, ஷிராஸ் 36, மட்டாரோ 10. "60, 40, 10" என்று எழுதி வைத்து, அடுத்த தடவை 110% கலக்கப் பார்த்தவர்கள் உண்டு. உடனே கணக்கைப் போட்டு எழுதிவிடுங்கள்.

8. எது எது என்று தெரியாமல் ஒரு சுற்று

வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டு, கிளாஸ்களின் அடியில் எண் ஒட்டி இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அறைக்கு வெளியே போய்விடுங்கள். திரும்பி வந்து பிடித்த வரிசையில் அடுக்குங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள்.

தெரிந்தே சுவைக்கும்போது நடு அளவைத்தான் மனம் தேர்ந்தெடுக்கும், "நிதானமானது நல்லது" என்ற நினைப்பு நாக்கை முந்திக்கொள்ளும். கண்ணை மறைத்த சுற்றில் தேர்வு மாறினால் மாறினதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வசதி இருந்தால் இந்தச் சுற்றில் கடையில் வாங்கின ஒரு நல்ல கலவையையும் எண் போட்டு நுழைத்துவிடுங்கள். ஜான் டுவால் நிறுவனத்தின் பிளெக்ஸஸ் ஷிராஸை முன்னிறுத்துவது, டோர்பிரெக்கின் தி ஸ்டெடிங் கிரெனாஷை முன்னிறுத்துவது. உங்கள் அடிப்படை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அதற்கு ஏற்றதை எடுங்கள். வித்தியாசம் பெரும்பாலும் நடுவாயில் தெரியாது, இணைப்பில் தெரியும். அவர்கள் கலவை மாதக்கணக்கில் ஒன்றாக இருந்தது, உங்களுடையது அரைமணி நேரம்.

9. அரை பாட்டில் செய்து வைத்தல்

பிடித்த அளவில் 375 மி.லி. கலந்து ஒரு அரை பாட்டிலில் நிரப்புங்கள். 54, 36, 10 என்றால் கிரெனாஷ் 202, ஷிராஸ் 135, மட்டாரோ 38 மி.லி. முழு பாட்டில் செய்ய கிரெனாஷ் மிஞ்சாமல் போகலாம், அதனால்தான் அரை.

பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். இடையில் காற்று நின்றால் கிரெனாஷ் முதலில் பலியாகும். மறுநாள் மாலை வெளியே எடுத்து 16 டிகிரிக்கு வரவிட்டுக் குடித்துப் பாருங்கள், முந்தின நாள் தனியாகத் துருத்திக்கொண்டிருந்த மட்டாரோ அடங்கியிருக்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள். இதை அலமாரியில் அடுக்கி வருடக்கணக்கில் முதிரவிடலாம் என்ற ஆசை வேண்டாம், மூன்று பாட்டிலும் ஏற்கெனவே காற்றுப்பட்டுவிட்டன.

ஒயின் ஆலைகளில் ஷிராஸ் முதலில் பறிக்கப்படும், அப்புறம் கிரெனாஷ், மட்டாரோ கடைசியில், பெரும்பாலும் ஏப்ரலில். பழுக்கும் காலம் வேறு வேறாக இருப்பதால் தனித்தனியாக நொதிக்கவிட்டு, பீப்பாயில் வைத்து, பிறகு நீங்கள் செய்த இதே அளவுஜாடி வேலையைச் செய்து கலக்கிறார்கள். சிலர் இரண்டு திராட்சையை ஒரே தொட்டியில் சேர்த்தே நொதிக்க விடுவதும் உண்டு, அதை மேசையில் செய்துபார்க்க வழியில்லை.

10. இனி கடையில் வாங்கும்போது

திராட்சைப் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தால் அதிகம் இருப்பது முதலில் வர வேண்டும், ஆஸ்திரேலியச் சட்டம் அப்படி. "ஷிராஸ் கிரெனாஷ் மட்டாரோ" என்று பார்த்தால் ஆறாவது படியில் உங்கள் நான்காவது கிளாஸ் பக்கம், "கிரெனாஷ் ஷிராஸ் மட்டாரோ" என்றால் முதல் இரண்டு கிளாஸ் பக்கம். "கிரெனாஷ் மட்டாரோ ஷிராஸ்" என்று இருந்தால் துவர்ப்புக்குத் தயாராகுங்கள், அதை ஆட்டுக்கறியோடு திறங்கள்.

கொடியின் வயதும் விலையில் சேர்கிறது. பரோசாவில் 2009-இல் வகுத்த முறைப்படி 35 வயது தாண்டினால் பழைய கொடி, 70 தாண்டினால் பிழைத்து நின்ற கொடி, 100 தாண்டினால் நூற்றாண்டுக் கொடி, 125 தாண்டினால் மூதாதைக் கொடி. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வராததால்தான் 1840-களிலும் 1850-களிலும் நட்ட கொடிகள் சில இன்றும் காய்க்கின்றன. ரோலண்ட் ஃப்ளாட்டில் 1853-இல் நட்ட மட்டாரோ தோட்டத்திலிருந்து ஹியூவிட்சன் நிறுவனம் இப்போதும் ஒயின் எடுக்கிறது. வயதான கொடியில் காய் குறைவு, சாறு செறிவு. கூடுதல் காசு கொடுப்பதாக இருந்தால் கிரெனாஷ் முதலில் வரும் கலவைக்குக் கொடுங்கள், மணல் மண்ணில் நிற்கும் கிழட்டு கிரெனாஷின் மணத்தை எந்தப் பீப்பாயும் தர முடியாது. "பழைய கொடி" என்று சும்மா போட்டு வயதைச் சொல்லாத லேபிளுக்கு நான் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

மேல்மட்ட பாட்டிலை வாங்கின அன்றே திறக்க வேண்டியதில்லை. ஐந்து முதல் பத்து ஆண்டு தாங்கும், ஷிராஸும் மட்டாரோவும் கூடினவை இன்னும் நன்றாகத் தாங்கும். சூடு ஏறி இறங்காத, வெளிச்சம் படாத இடம், 15 டிகிரி பக்கம். கார்க் போட்டதைப் படுக்க வைக்க வேண்டும், திருகுமூடியை எப்படியும் வைக்கலாம். ஃப்ரிட்ஜுக்கு மேலே, அடுப்புக்குப் பக்கத்தில், கார் டிக்கியில் வைக்கவே கூடாது. வெயில் நாளில் செல்லர் டோர் (ஒயின் ஆலையிலேயே சுவைத்து வாங்கும் இடம்) சுற்றப் போகிறவர்கள் ஒரு ஐஸ்பெட்டி எடுத்துப் போங்கள், டிக்கியில் மூன்று மணி நேரம் வெந்த பாட்டிலை எந்த அலமாரியும் மீட்காது.

11. மிஞ்சின ஒயின்

மட்டாரோதான் அதிகம் மிஞ்சும், 600 மி.லி.க்கு மேல். சின்ன பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி ஃப்ரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள் நன்றாக இருக்கும், மெதுவாக வேகும் ஆட்டுக்கறியில் ஒரு கிளாஸ் விடலாம். கிரெனாஷ் மிஞ்சினால் அன்றோ மறுநாளோ குடித்துவிடுங்கள். ஷிராஸ் மூன்று நாள் தாங்கும்.

எழுதின தாளில் மூன்று பாட்டிலின் பெயர், ஆண்டு, ஆல்கஹால் அளவு, கடைசி விகிதம் நான்கையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு இதே மூன்று பெயரில் அடுத்த அறுவடையை வாங்கி இதே விகிதத்தில் கலந்தால் சுவை ஒத்துப்போகாது, மட்டாரோவை இரண்டு மூன்று சதவீதம் ஏற்றியோ இறக்கியோ மறுபடி ஏழாவது படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.